ஒன்றா, பலவா? ஓரணுப் பேருயிர்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். உயிர்க்கொலை தவிர்த்தல் அவற்றுள் முதலாவது. ஓர் உயிரையும் கொல்லேன் என்று வாயாற் சொல்லுகின்ற நாம், ஓர் உயிர் என்பது யாது என்று நின்று வினவுவதில்லை. வினவும் தேவையும் பெரும்பாலும் நேர்வதில்லை. ஆடு ஒன்று, காகம் ஒன்று, எறும்பு ஒன்று என்று விரலால் எண்ணிவிடுகின்றோம். எண்ணுதற்கு அரியதோர் உயிர் எதிர்ப்படும்போதுதான் 'ஓர்' என்னும் அச்சிறு சொல் எத்துணைப் பெரிய வினாவைத் தன்னுள் மறைத்திருந்தது என்பது புலப்படும்.

அத்தகைய உயிரைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையில், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அருகே, மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் கோலேர்ப்பா என்னும் பச்சைக் கடற்பாசி படர்ந்து கிடக்கின்றது. அதற்கு 1809-ஆம் ஆண்டில் அப்பெயரை இட்டவர் லாமூரு என்னும் பிரெஞ்சு அறிஞர். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றிச் சென்னைப் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் 1927-ஆம் ஆண்டில் எழுதினார். பாசிகளின் நூலில் நம் நாட்டார்க்கு வழிவகுத்த பெரியார் அவர்.

இப்பாசியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எவரும் செடி என்றே சொல்லுவர். தரைமேல் ஓடும் தண்டு உண்டு. அதினின்று வேர்போன்ற இழைகள் கீழிறங்கி மணலைப் பற்றும். இலைபோன்ற பகுதிகள் மேலெழுந்து நிற்கும். ஓரினத்தில் அவை சிறு திராட்சைக் கொத்தை ஒத்திருத்தலின் கடல் திராட்சை எனப் பெயர் பெற்றன; பிலிப்பைன்சு முதலிய நாடுகளில் அதனைப் பச்சையாகவே உண்பர். மற்றோரினத்தின் இலை பறவையின் இறகை ஒக்கும். ஒரு கொடி மூன்று மீட்டர் நீளம் ஓடுவதும் உண்டு. வேர், தண்டு, இலை எல்லாம் கண்ணெதிரே இருக்கவும், இவை வேரல்ல, தண்டல்ல, இலையல்ல என்று உயிர்நூலார் மறுப்பதேன்?

செடியொன்றின் தண்டை மெல்லிதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், செங்கல் அடுக்கினாற்போலச் சிற்றறைகள் தோன்றும். அறை ஒவ்வொன்றும் ஓர் உயிரணு; அதனதன் உள்ளே ஓர் உட்கரு. தாவரங்கள் அணுக்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838-லும், விலங்குகளும் அவ்வாறே என்று ஷ்வான் 1839-லும் நிலைநாட்டினர். கோலேர்ப்பாவைச் சீவிப் பார்த்தாலோ அறை ஒன்றும் இல்லை. வேர்நுனி தொடங்கி இலைநுனிகாறும் அது ஒரே குழாய். குறுக்குச் சுவர் எங்கும் கிடையாது. குழாய் நசுங்காதபடி முட்டுக்கொடுக்கும் மெல்லிய கழிகள்போன்ற இழைகள் மட்டும் ஊடே செல்லுகின்றன. அந்த ஒரே குழாயில் உயிர்ச்சாறு பரவி நிற்க, அச்சாற்றில் எண்ணற்ற உட்கருக்கள் இருக்கின்றன. குடியிருப்போர் எண்ணிலர், தடுப்புச் சுவர் ஒன்றேனும் இல்லாத பெருவீடு என்று இதனைச் சொல்லலாம்.

ஓரணு கிழிபட்டால் அதன் சாறு வடிந்து அஃது அழியவேண்டும். கோலேர்ப்பா அழிவதில்லை. அறுந்த வாயில் சாறு தானே இறுகிச் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டு, தண்டோடி, இலை நிமிர்த்தி முழுப்பாசி ஆகிவிடும். நேற்று இலையாய் இருந்த துண்டினின்றே இன்று வேர் முளைக்கும். யான் நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைக்கும் வேலையில் பல்லாண்டு நின்றவன். அறுந்த இழை இரண்டு முனையாய்த் தொங்கும். கை சென்று முறுக்கிய பிறகே அது மறுபடியும் ஒரு நூலாகும். இங்கோ பிணைப்பார் ஒருவருமின்றி, ஒன்றாய் இருந்தது இரண்டாய் வாழத் தொடங்கிவிடுகின்றது.

மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட கோலேர்ப்பா இனம் ஒன்று 1984-ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டின் கடலாராய்ச்சிக் காட்சிசாலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ ஒரு சதுரமீட்டர் பரப்பில் காணப்பட்டது. நங்கூரத்திலும் வலையிலும் சிக்கிய துண்டுகள் துறைமுகந்தோறும் உதிர்ந்து முளைத்தன. சில ஆண்டுகளில் நடுநிலக்கடலின் கரையோரங்களில் அது பெரும்பரப்பை மூடிற்று. மரபணுவைச் சோதித்தவர்கள் அக்கடலில் பரவியதும் தொட்டிகளில் வளர்ந்ததும் ஒரே வழியின என்று கண்டனர். அங்கே பரவியது ஓர் உயிரா? பல கோடி உயிர்களா? 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றிலும் அது தலைகாட்டியது. அந்நாட்டார் அதன்மேல் தார்ப்பாய் விரித்துக் குளோரினைச் செலுத்தினர். 2006-இல் அது முற்றும் ஒழிந்தது என்று அறிவித்தனர். தார்ப்பாயின் கீழே மாண்டவை எத்தனை என்று கேட்டால், கணக்குச் சொல்ல வல்லார் யார்?

இதற்கு விஞ்ஞானிகள் ஒரே விடை கூறினாரல்லர். புறச்சுவர் ஒன்றாதலின் அணுவும் ஒன்றே, உட்கரு பலவாதல் பற்றி அணு பலவாகாது என்பது பாடநூல்களிற் பெரிதும் காணப்படும் கொள்கை. ஜெர்மானியத் தாவரநூற் பேராசிரியர் யூலியசு சாக்சு இதனை ஏற்கவில்லை. ஓர் உட்கருவும் அதன் ஆட்சிக்குட்பட்ட உயிர்ச்சாறும் சேர்ந்ததே உயிரின் அலகு என்று அவர் 1892-இல் எழுதி, அதற்கு எனர்ஜிடு எனப் பெயரும் இட்டார். சுவர் என்பது வீடு. வீட்டை எண்ணி ஆளை எண்ணியதாகக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்தின் சாரம். அவர் கணக்கின்படி கோலேர்ப்பா ஒன்றல்ல, பல. மூன்றாவதாக வந்தவர் கிளிபோர்டு டோபல் என்னும் ஆங்கிலேயர். ஓரணுவுயிர் என்று நாம் பெயரிட்ட சிற்றுயிர்களை நம் உடம்பின் ஓரணுவோடு ஒப்பிடுவதே பிழை என்று அவர் 1911-இல் வாதிட்டார். அவை தம்மளவில் முழு உயிர்கள். அணுவாகப் பகுக்கப்படாத உயிர்கள் என்று சொல்லுவதே தகும் என்றார். இவர் கூற்றே எனக்கு உடன்பாடு. செங்கல்லால் கட்டிய வீட்டுக்குச் செங்கல்லின் கணக்கு உண்டு. மண்குடிசைக்கும் செங்கற்கணக்குக் கேட்டு, 'இது மிகப்பெரிய ஒரு செங்கல்' என்று விடை எழுதுவார் உளரோ?

பேருருவமும் பல உட்கருவும் எப்போதும் சேர்ந்தே வரும் என்றும் எண்ணிவிடலாகாது. குடைபோன்ற தலையும் மெல்லிய காம்பும் உடைய அசெடாபுலேரியா என்னும் பாசியும் ஓரணுப் பேருயிரே. அதில் புதியதோர் இனத்தை அந்தமான் கடலில் 2019-ஆம் ஆண்டில் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெலிக்சு பாசுட்டும் உடனிருந்தோரும் கண்டெடுத்தனர். கடற்கன்னி என்னும் பொருள்படும் வடசொல்லால் ஜலகன்யகா என்று அதற்குப் பெயரிட்டு 2021-இல் வெளியிட்டனர். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள அது, தன் வாழ்நாளின் பெரும்பகுதியும் அடியில் உறையும் ஒரே உட்கருவைக் கொண்டே வாழும் வகையைச் சேர்ந்தது. வித்துவிடும் காலம் அணுகியபோதுதான் அக்கரு பலவாகப் பெருகும். இவ்வகைப் பாசியில் ஓரினத்தின் அடிப்பகுதியின்மேல் வேறினத்தின் காம்பை ஒட்டவைத்து, யோவாக்கிம் ஹெம்மர்லிங் 1930-களை ஒட்டிய ஆண்டுகளில் சோதனை செய்தார். இறுதியில் விளைந்த குடை, காம்பின் இனத்தை ஒவ்வாமல் அடியிலிருந்த உட்கருவின் இனத்தையே ஒத்தது. உருவத்தின் ஆணை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை உலகம் அறிந்தது இவ்வாறுதான்.

இவையெல்லாம் கடலின் விந்தைகள், நமக்கு யாது தொடர்பு என்று வினவும் அன்பர்கள் ஓர் இளநீரை வெட்டிப் பார்ப்பாராக. மிக இளங்காய்க்குள் நிறைந்துள்ள நீர் வெறுநீர் அன்று. கருவுக்கு உணவாகவேண்டிய உயிர்ப்பொருள், உட்கரு பலவாகப் பிரிந்தும் சுவர் எழாமல், நீராகவே மிதந்துகொண்டிருக்கும் நிலை அது. நாட்கள் செல்லச்செல்ல ஓட்டின் ஓரத்திலிருந்து சுவர்கள் எழும், அறைகள் அமையும், வழுக்கை படியும், பின்னர் அதுவே முற்றித் தேங்காய் ஆகும். காய்க்குள்ளே முதலில் கோலேர்ப்பாவின் நிலையும் பின்னர்ச் செடியின் நிலையும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்கின்றன. எந்நாளில் அஃது 'ஒன்றாய்' இருந்து 'பலவாய்' ஆயிற்று என்று நாள் குறிப்பார் உண்டாயின் குறிக்கட்டும்.

நம் உடம்பிலும் இஃது உண்டு. சுமை தூக்கும் தசையின் இழை ஒவ்வொன்றும் பல அணுக்கள் கூடித் தம்முள் சுவர் நீங்கி ஒன்றானது; ஒவ்வோர் இழையிலும் உட்கருக்கள் பல. தாய்வயிற்றில் நாம் கிடந்தபோது நமக்கு உணவளித்த நஞ்சின் மேற்போர்வையும் அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து எல்லையற்ற ஒரே விரிப்பாய் அமைந்ததேயாம். ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே குறித்துவைத்தல் நன்று. கோலேர்ப்பாவில் கரு பிரிந்தது, சுவர் எழவில்லை. தசையிலோ எழுந்த சுவர் நீங்கிப் பல ஒன்றாயின. முடிவில் இரண்டும் ஒருபடித்தாய்த் தோன்றினும் வந்த வழி வேறு. தோற்றம் பற்றி வகுப்பதா, வந்த வழி பற்றி வகுப்பதா என்பதே உயிர்நூலாரை இருநூறு ஆண்டுகளாக வருத்திவரும் வழக்கு.

எண்ணிக்கை பற்றிய வினாவுக்கு நம் தம்மத்தில் விடை தேடினால், நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்குக் காட்டிய தேர் நினைவுக்கு வருகின்றது. சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, நுகம் தேரன்று. இவற்றை நீக்கினால் வேறாகவும் தேர் இல்லை. ஆயினும் தேர் ஓடுகின்றது, மன்னனைச் சுமந்து வருகின்றது. தேர் என்பது உறுப்புக்களின் கூட்டுறவு பற்றி வழங்கும் பெயர். கோலேர்ப்பா 'ஒன்று' என்பதும் அவ்வாறு வழங்கும் பெயரே. அதற்குள்ளே ஒருமை என்னும் மணி ஒன்று ஒளிந்திருக்கவில்லை. ஆதலால் அறுக்குங்கால் அம்மணி எந்தத் துண்டோடு சென்றது என்ற கேள்வியும் எழுவதில்லை. உயிருக்குள் மாறாத ஆன்மா ஒன்று உறைகின்றது என்பார்க்கே இப்பாசி பெருஞ்சங்கடம் விளைக்கும். அறுத்தபோது அவ்வான்மா இரண்டாய்ப் பிளந்ததா, அல்லது அதுவரை வெளியில் காத்திருந்த மற்றொன்று வந்து புகுந்ததா என்று அவர்கள் விடை சொல்லியாகவேண்டும். அனாத்மம் கூறுவோர்க்கு அத்தொல்லை இல்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் சுடர் குறைவதுமில்லை, சுடர் எங்கிருந்து வந்து புகுந்தது என்று எவரும் கேட்பதுமில்லை.

முதற்சீலத்தைப் பொறுத்தவரை உரையாசிரியர்கள் கொலை நிறைவேறுதற்கு ஐந்து உறுப்புக்களைக் கூறினர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் உயிர் போதல் என்பன அவை. உட்கருவின் தொகை அவற்றில் வரவில்லை. தாவரத்தை இச்சீலம் தொடுவதாகவும் அவர்கள் கொள்ளவில்லை. ஆனால் துறவிகளுக்கு வேறொரு விதி உண்டு. ஆளவியிலிருந்த பிக்குகள் மரம் வெட்டியபோது, ஓரறிவுடைய உயிரைச் சாக்கிய புத்திரர் வருத்துகின்றனர் என்று மக்கள் பழித்தனர் என வினயபிடகம் கூறும். பகவன் அங்கே மரத்துக்கு உயிர் உண்டா, அறிவு எத்தனை என்ற வழக்கைத் தீர்த்துத் தந்தாரல்லர். மரத்தில் உயிர் உண்டென மக்கள் கருதுகின்றனர் என்பதைச் சுட்டி, வளரும் பயிரை அழிக்கலாகாது என்று பிக்குகளுக்கு விதி வகுத்தார். வேரால், தண்டால், கணுவால், நுனியால், விதையால் முளைப்பன என்று அப்பயிர்களை ஐந்தாகப் பகுத்தும் காட்டினர். வகைபற்றிய ஐயம் தீரும்வரை ஒழுக்கம் காத்திருக்கவேண்டுவதில்லை என்பதே இதனால் யான் கொண்ட பொருள். குருசடைத் தீவருகே பவளப்பாறையின்மேல் கோலேர்ப்பா படர்ந்து பவளத்தை மூடுகின்றது என்று ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். அதனை அகற்றுவோர் பாறையையும் மீனையும் காக்கும் எண்ணத்தோடு அகற்றின், எத்தனை கொன்றோம் என்று கருக்களை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. பிய்த்த துண்டுகளைக் கடலிலேயே சிந்தாமல் இருப்பதற்கே அஞ்சவேண்டும்.

எண்ணிக்கை நிற்க. எந்த வகுப்பில் சேர்ப்பது என்னும் வழக்குக்கு வருவோம். இதற்குச் சிறந்த சான்று மழைக்காலத்தில் நம் அருகிலேயே கிடைக்கக்கூடும். கோர்படியிலுள்ள எம்பிரஸ் தோட்டத்தைப் போன்ற, பழைய மரங்கள் நிறைந்த இடங்களில் மட்கிய கட்டையையும் உதிர்ந்த இலைக்குவையையும் கிளறிப் பார்ப்பவர், மஞ்சளாகவோ வெண்மையாகவோ சளிபோன்ற ஒரு படலத்தைக் காணக்கூடும். சளிப்பூஞ்சை என்பது அதன் பெயர். அதுவும் சுவரற்ற ஒரே உடம்பு. உள்ளே உட்கருக்கள் ஆயிரமாயிரம். பைசாரம் என்னும் வகையில் அக்கருக்கள் யாவும் ஒரே வேளையில் பிரிகின்றன. அது மெல்ல நகரும். நுண்ணுயிர்களைச் சூழ்ந்து விழுங்கும். வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். உணவு அற்றுப்போனால் ஊர்தலை விட்டுக் காளான்போல் காம்பெடுத்துத் தூளாய் வித்து உதிர்க்கும். நகாகாகி என்னும் ஜப்பானிய அறிஞரும் துணைவரும் இதனைச் சுற்றுவழிப் பொறியில் விட்டு, இரு முனையிலும் உணவு வைத்தனர். அது வீண்வழிகளினின்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு குறுக்குவழியில் மட்டும் நின்றது. இச்செய்தி 2000-இல் வெளிவந்தது. டோக்கியோவைச் சூழ்ந்த நகரங்கள் அமைந்த முறைப்படி உணவை வைத்தபோது, அந்நாட்டு இருப்புப்பாதையை ஒத்த வலையைப் பின்னிற்று என்று 2010-இல் எழுதினர். மூளையில்லை, நரம்பில்லை, கண்ணில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைத் தொடுவுணர்வு முதலாக ஓரறிவு தொடங்கி ஆறறிவு ஈறாக அடுக்கினார். கண்ணின்றி ஒளியை அறிந்து, நாவின்றிச் சுவையை அறியும் இச்சளியை அவ்வடுக்கில் எப்படியில் ஏற்றுவது என்று தமிழ்ப்புலவர் ஒருவரைக் கேட்டுப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

உயிர்நூலாரும் இதனை ஏற்றியும் இறக்கியும் அலைந்தனர். லின்னேயசு காலத்தில் தாவரம், விலங்கு என இரண்டே உலகங்கள். வித்துத் தூளைக் கண்டவர் பூஞ்சை என்றனர். பூஞ்சையும் அந்நாளில் தாவரத்தின் பெட்டியிலேயே கிடந்தது. ஊர்ந்து உண்ணுவதைக் கண்ட டி பாரி என்னும் ஜெர்மானியர் 1859-இல் இது விலங்கின் பக்கம் என்று வாதிட்டார். எக்கல் 1866-இல் இரண்டிலும் அடங்காச் சிற்றுயிர்களுக்கு மூன்றாம் உலகம் ஒன்றை வகுத்தார். 1969-இல் விட்டேக்கர் ஐந்து உலகம் என்று பகுத்தபோது சளிப்பூஞ்சை மறுபடியும் பூஞ்சையின் பக்கமே சென்றது. நம் நாட்டுச் சளிப்பூஞ்சைகளைப் பற்றி கே. எஸ். திண்ட் எழுதிய பெருநூல் 1977-இல் வெளிவந்ததும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாகவே. இன்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, இஃது அமீபாக்களின் சுற்றம், பூஞ்சை அன்று என்று முடிவு செய்திருக்கின்றனர். வேடிக்கை யாதெனின், இதற்குப் பெயரிடும் விதிகள் மட்டும் இன்றளவும் பாசி, பூஞ்சை, தாவரம் ஆகியவற்றுக்குரிய நெறித்தொகுப்பின்படியே நடக்கின்றன. குடி வேறூருக்குப் பெயர்ந்தும் பதிவேடு பழைய ஊர்க் கச்சேரியிலேயே தங்கிவிட்டது. கோலேர்ப்பாவின் கதியும் இதனை ஒத்ததே. இலையும் தண்டும் காட்டி அது செடிபோல் நிற்பினும், நெல்லுக்கும் வாழைக்கும் நெருங்கிய உறவினர் நன்னீர்ப் பாசிகளிற் சிலவே; கோலேர்ப்பா பச்சைப்பாசிகளின் மற்றொரு கிளையைச் சேர்ந்தது.

இவ்விடத்தே நம் அன்பர்க்கு ஒரு தடை எழும்; எனக்கும் எழுந்தது. சுத்தநிபாதத்தில் வாசெட்ட சுத்தம் என்று ஒன்று உண்டு. பிராமணன் ஆவது பிறப்பாலா, செயலாலா என்று வாதிட்ட வாசெட்டன், பாரத்வாசன் என்னும் இரு இளைஞர்க்குப் பகவன் அதில் விடையளிக்கின்றார். புல்லுக்கும் மரத்துக்கும், புழு பூச்சிக்கும், மீனுக்கும், பறவைக்கும் இனந்தோறும் பிறப்பால் அமைந்த அடையாளம் உண்டு; மனிதரிடத்தில் தலைமுடி தொடங்கி உறுப்பு உறுப்பாகத் தேடினும் அத்தகைய அடையாளம் இல்லை, மனிதருள் வேறுபாடு பெயரளவில் வழங்குவதே என்பது அவ்விடையின் கருத்து. சாதியை மறுக்கும் நம் வாதத்துக்கு இஃது அடித்தளம். இப்போதோ புல்லின் அடையாளமே நம்மை ஏமாற்றுகின்றது என்று விஞ்ஞானம் சொல்லுகின்றது. இலையிருந்தும் இலையன்று, பூஞ்சை என்று பெயரிருந்தும் பூஞ்சையன்று. புல்லிலும் வகுப்பு பெயரளவே என்றால், மனிதருள் வகுத்த வகுப்பும் அதைப்போன்றதோர் வகுப்புத்தானே, அதை மட்டும் ஏன் பழிக்கின்றீர் என்று கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். விளையாட்டாக அவர் கேட்கவில்லை.

சூத்திரத்தின் சொல்லை நெகிழ்த்துப் பொருந்தவைப்பதற்கு எனக்கு விருப்பமில்லை. பிழை காணின் பிழை என்று ஒப்புவதே காலாமர்க்குப் பகவன் அளித்த உரிமை. ஆனால் இங்கே நன்கு நோக்கினால் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. கோலேர்ப்பாவின் துண்டினின்று கோலேர்ப்பாவே முளைக்கின்றது. சளிப்பூஞ்சையின் தூளிலிருந்து நாய்க்குடை தோன்றுவதில்லை. இனம் இனத்தை ஈனுகின்றது என்ற அளவில் சூத்திரம் கூறிய பிறப்படையாளம் ஒருகாலும் பொய்க்கவில்லை. பொய்த்தவை அதன்மேல் மனிதர் ஏற்றிய பெட்டிகள். தாவர உலகம், விலங்குலகம் என்னும் மேலடுக்குகள். அவற்றுக்கும் ஒரு நேர்மை இருந்தது. பொருள் வந்து பெட்டியைப் பொய்யாக்கியபோது, பெட்டியை வகுத்தவர் அதனை உடைத்து வேறு செய்தனர். 1859-லும் 1866-லும் 1969-லும் அதன் பின்னரும் அவர்கள் செய்தது அதுவே. சளிப்பூஞ்சை தன் பெட்டிக்கு ஏற்றபடி ஊர்வதை நிறுத்தவேண்டும் என்று எந்த அறிஞரும் ஆணையிடவில்லை.

மனிதரை வகுத்த பெட்டியில் நடந்தது யாது? இங்கே வகுப்பைப் பொய்யாக்கும் சான்று நாள்தோறும் வந்துகொண்டே இருந்தது. எக்குலத்து ஆணும் எக்குலத்துப் பெண்ணும் கூடினும் மனிதக் குழந்தையே பிறந்தது. தாழ்ந்தவன் என்றவன் கற்றான், உயர்ந்தவன் என்றவன் கல்லாதிருந்தான். பெட்டியை எவரும் திருத்தினாரல்லர். பெட்டிக்கு ஏற்ப மனிதனை வெட்டினர். படிக்காதே, அக்குளத்தில் நீர் மொள்ளாதே, அத்தெருவில் நடவாதே என்றனர். கோலேர்ப்பாவை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அந்த ஒரே குழாயில் வேர்ப்பகுதியில் எழும் மரபணுச் செய்திகள் வேறு, இலைப்பகுதியில் எழுவன வேறு என்று காட்டிற்று. ஓரிடத்தில் மணலைப் பற்றும் வேலை, ஓரிடத்தில் ஒளியை உண்ணும் வேலை. தொழில் பிரிந்திருக்கின்றது, சுவர் இல்லை, இலையை அறுத்து மணலிலிட்டால் அதுவே வேர்த்தொழிலும் செய்கின்றது. சாதி என்பது தொழிற்பிரிவு மட்டுமன்று, தொழிலாளரையே பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் எழுதியதன் பொருளை எனக்கு மறுபடியும் விளக்கியது இப்பாசி. பாசியைக் கண்டு மனிதர் ஒழுகவேண்டும் என்று யான் சொல்லவரவில்லை. பாசிக்கு நீதி அநீதி இல்லை. சுவரின்றித் தொழில் நடவாது, ஆகவே சாதி வேண்டும் என்பாரின் வாதத்துக்கு மட்டுமே இது விடை.

சாதி இயற்கையின் இனத்தைப் போன்றதன்று என்பதற்குப் புணேயில் வாழும் தமிழர் நெடுந்தூரம் சென்று சான்று தேடவேண்டுவதில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியற் சாதியாய் இருப்பவர் மற்றொரு மாநிலத்தில் குடியேறினால், அப்பட்டியலின் உரிமையை உடன் கொண்டுசெல்ல இயலாது என்று 1990-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் இரயில் ஏறும்போது ஒன்றாய் இருந்தவர் புணேயில் இறங்கும்போது வேறாகின்றார். அறுகம்புல் சோலாப்பூரைத் தாண்டினால் அறுகம்புல் அல்லாமற்போகுமோ? சமயத்திலும் இவ்வாறே. 1950-ஆம் ஆண்டின் ஆணை பட்டியற் சாதியை இந்து சமயத்தார்க்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தது. அதே 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணலோடு லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினர். அவர்களுடைய இழிவும் வறுமையும் ஒரே நாளில் மறைந்துவிட்டனவென்று கொண்டாற்போல, மத்திய அரசின் பட்டியல் அவர்களை விட்டு நின்றது; 1990-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பௌத்தர் அதில் இடம்பெற்றனர். முப்பத்துநான்கு ஆண்டுகள்.

அப்படியாயின் பௌத்தராகிய நாம் பட்டியலை மட்டும் ஏன் வேண்டுகின்றோம், அதுவும் சாதியின் பெட்டிதானே என்று அவ்விளைஞர் மேலும் வினவினார். பட்டியல் மனிதர் செய்த காயத்தின் பதிவு. காயத்துக்கு மருந்து தருவதற்காக எழுதிவைத்த கணக்கு. சளிப்பூஞ்சையின் பெயர் பழைய நெறித்தொகுப்பில் நிற்பதால் அது பூஞ்சை ஆகிவிடவில்லை; பெயர் குழம்பாமல் வேலை நடப்பதற்காக அங்கே நிற்கின்றது. சான்றிதழ் கோரிச் செல்லும் பிள்ளைகள் படிவத்தோடு நம் சங்கத்துக்கு வரும்போது யான் உடனிருந்து நிரப்பித் தருகின்றேன். சமயம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுதச் சொல்லுவேன். அதன் கீழ்க் கட்டத்தில் தந்தையாரின் பத்திரத்தில் உள்ளதை ஓரெழுத்தும் மாறாமல் பார்த்து எழுதச் சொல்லுவேன். எழுத்து மாறினால் அலுவலகத்தில் திருப்பிவிடுவார்கள். சில பிள்ளைகளின் பேனா அக்கட்டத்தில் சற்று நிற்கும். அப்போது அவர்களிடம் வாசெட்டன் கேட்ட கேள்வியைச் சொல்லுகின்றேன்.